ஒரு பக்கம் இறக்கம், ஒரு பக்கம் ஏற்றம்: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் அமெரிக்க கார் பந்தயங்களைப் பற்றிய ஒரு பதிலில், வட கரோலினாவின் நார்த் வில்க்ஸ்பரோ ஸ்பீட்வேயை 'கால் நூற்றாண்டு செடிகொடி மண்டிக் கிடந்து மறுபடி எழுந்த ஓட்டப்பாதை' என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போயிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள்தான் இந்த வாரம் அதிகம். எனவே இந்தமுறை முழுக்க அந்த ஒரே இடத்தைப் பற்றித்தான் பேசப் போகிறோம். எனக்கு மிகவும் பிடித்த இடம், அதனால் சில பதில்கள் நீளமாகவே இருக்கும்.

அந்த ஊர் எங்கே இருக்கிறது? அமெரிக்காவில் எத்தனையோ பந்தயப் பாதைகள் இருக்கும்போது இதற்கு மட்டும் என்ன விசேஷம்? (சேலம் வாசகர்)

வட கரோலினாவின் மேற்கில், புளூ ரிட்ஜ் மலைகளின் அடிவாரத்தில் வில்க்ஸ் என்று ஒரு கவுன்ட்டி, நம் மாவட்டம் மாதிரி. அதில் நாலாயிரம் சொச்சம் பேர் வசிக்கும் சின்ன ஊர்தான் நார்த் வில்க்ஸ்பரோ. கோழிப் பண்ணைகள், மரவேலை என்று பிழைத்த பகுதி. இன்று அமெரிக்கா முழுக்கக் கிளை பரப்பியிருக்கும் லோவ்ஸ் என்ற வீட்டுச் சாமான் கடை 1921-ல் ஒற்றைக் கடையாகத் தொடங்கியது இங்கேதான்.

இந்த ஊர்க்காரர் ஈனாக் ஸ்டேலி. இரண்டாம் உலகப்போர் முடிந்த சமயம் பக்கத்து மாநிலத்தில் ஒரு கார் பந்தயத்தைப் பார்த்துவிட்டு, நம் ஊரிலும் இதை நடத்தினால் என்ன என்று நினைத்தார். சில கூட்டாளிகளைச் சேர்த்துக்கொண்டு, 1,500 டாலர் கையில் வைத்துக்கொண்டு நிலத்தைச் சமன்படுத்த ஆரம்பித்தார்கள். மலையடிவார நிலம், சமமாக இருக்குமா? மேட்டை வெட்டிப் பள்ளத்தை நிரப்பி முடிப்பதற்குள் பணம் தீர்ந்துவிட்டது. சரி, இருக்கிற மாதிரியே ஓட்டுவோம் என்று விட்டுவிட்டார்கள். கேலரிக்கு முன்னால் இருக்கும் நேர்ப்பாதை இறக்கமாகவும், எதிர்ப்பக்கம் இருக்கும் நேர்ப்பாதை ஏற்றமாகவும் அமைந்தது அப்படித்தான். யாரும் திட்டம் போட்டுச் செய்ததில்லை. விசேஷம் என்ன என்று கேட்டீர்களே, எல்லாம் அந்தச் சரிவிலிருந்துதான் தொடங்குகிறது.

1947 மே 18-ம் தேதி மண்பாதையாகத் திறந்தார்கள். முதல் பந்தயங்களை நடத்திக் கொடுத்தவர் பில் பிரான்ஸ். அதே வருஷம் டிசம்பரில் டேடோனா பீச்சில் ஒரு ஹோட்டலில் கூட்டம் போட்டு, அமெரிக்காவில் கார் பந்தயங்களை நடத்தும் நாஸ்கார் அமைப்புக்கு அடிபோட்டவர் அவர்தான். அதாவது இந்தப் பாதைக்கு நாஸ்காரைவிட வயது அதிகம். முதல் நாள் ஜெயித்தவர் பான்ட்டி பிளாக். 1949-ல் நாஸ்கார் தன் முதல் ஸ்டாக் கார் (கடையில் வாங்கும் சாதாரண கார்) போட்டித் தொடரை எட்டுப் பந்தயங்களோடு நடத்தியபோது எட்டாவதும் கடைசியுமான பந்தயம் இங்கே நடந்தது, அதை ஜெயித்தவர் பான்ட்டியின் அண்ணன் பாப் பிளாக். 1957-ல் தார் போட்டார்கள்.

வட்டமாகச் சுற்றிச் சுற்றி வருவதில் என்ன இருக்கிறது? செக்கு மாட்டைப் பார்ப்பதுபோல இருக்கிறது எனக்கு. (ஈரோடு வாசகர்)

உங்களைக் குறை சொல்ல மாட்டேன், டிவியில் பார்த்தால் அப்படித்தான் தெரியும். ஆனால் இந்தப் பாதையை வைத்தே சொல்கிறேன், ஒருமுறை யோசித்துப் பாருங்கள்.

ஒரு சுற்று 0.625 மைல், நம் கணக்கில் சரியாக ஒரு கிலோமீட்டர் என்றே வைத்துக்கொள்ளலாம். அந்தக் காலத்து வேகமான கார்கள் இதைச் சுமார் 19 விநாடியில் சுற்றிவிடும். பெரிய பந்தயம் என்றால் இப்படி 400 சுற்று. கேலரி முன்னால் இறக்கத்தில் வேகமெடுத்து வந்து முதல் வளைவுக்குள் நுழைகிறீர்கள். மலைப்பாதையில் கீழே இறங்கும்போது பிரேக் எவ்வளவு பாடுபடும் என்று ஏற்காட்டிலிருந்து வண்டி ஓட்டி இறங்கியவர்களுக்குத் தெரியும், அதே பாடுதான், சுற்றுக்கு ஒருமுறை. காரின் பாரம் எல்லாம் முன்டயர்களில் வந்து விழும். வளைவைக் கடந்து எதிர்ப்பக்கம் திரும்பினால் உடனே ஏற்றம். இப்போது பின்டயர்கள் காரை மேலே தள்ள வேண்டும், ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் அவசரப்பட்டு மிதித்தால் டயர் வழுக்கிச் சுழலும், பின்பக்கம் விலகும். மேலே உள்ள வளைவுக்கு வரும்போது ஏற்றமே காரை மெதுவாக்கிவிடுகிறது, அங்கே பிரேக் அவ்வளவு தேவையில்லை. ஆக, கீழ்முனை வளைவுக்கு ஏற்ற மாதிரி காரை அமைத்தால் மேல்முனையில் திரும்ப மாட்டேன் என்கும், மேல்முனைக்கு அமைத்தால் கீழ்முனையில் தடுமாறும். இரண்டுக்கும் நடுவில் எதை விட்டுக்கொடுப்பது என்பதுதான் மெக்கானிக்கின் முழு வேலை.

போதாததற்கு 1981-ல் போட்ட தார் 2023 வரைக்கும் அப்படியே இருந்தது. மேலே இருக்கும் பூச்சு எல்லாம் போய் உள்ளே இருக்கும் கல் எட்டிப் பார்க்கும் அளவுக்குத் தேய்ந்த தார் டயரை உப்புத்தாள் போல அறுத்துவிடும். புது டயர் போட்டுக்கொண்டு முதல் இருபது சுற்றில் பறப்பவர் ஐம்பதாவது சுற்றில் பின்தங்கிவிடுவார், ஆரம்பத்தில் டயரைப் பத்திரப்படுத்தியவர் அப்போது ஒவ்வொருவராகத் தாண்டிக்கொண்டு வருவார். இது தெரிந்துகொண்டு பார்த்தால் செக்கு மாடு ஞாபகம் வராது என்று நினைக்கிறேன்.

கள்ளச்சாராயம் கடத்தியவர்கள்தான் அங்கே வீரர்கள் என்று படித்தேன். கள்ளச்சாராயத்தால் குடும்பங்கள் அழிவதைப் பார்க்கும் நாம் இதைக் கொண்டாடலாமா? (விழுப்புரம் வாசகி)

இந்தக் கேள்வியை எழுதியதற்கு உங்களுக்கு நன்றி அம்மா. ஆங்கிலத்தில் இதைப் பற்றி எழுதுகிறவர்கள் பலரும் ஏதோ சாகசக் கதைபோல எழுதிவிட்டுப் போகிறார்கள்.

முதலில் உண்மை நிலவரம். வில்க்ஸ் கவுன்ட்டி ஒரு காலத்தில் சாராயம் காய்ச்சுவதற்கே பேர் போனது. மக்காச்சோளம் விளையும், ஆனால் மலைப்பாதையில் மூட்டையாகக் கொண்டுபோய் விற்றால் கட்டுப்படியாகாது. அதையே ஊறல் போட்டுக் காய்ச்சினால் சுமை குறையும், காசு கூடும். அரசாங்கத்தோடு அவர்களுக்கு இருந்த சண்டை பெரும்பாலும் கலால் வரிச் சண்டை. இரவில் காய்ச்சிய சரக்கை நகரங்களுக்குக் கொண்டுபோக, வெளியே பார்த்தால் சாதாரண போர்டு காராகவும் உள்ளே பலப்படுத்திய இன்ஜினாகவும், பாரம் ஏற்றினாலும் பின்பக்கம் தாழாதபடி கனத்த ஸ்பிரிங் போட்டதாகவும் வண்டிகளைத் தயாரித்தார்கள். யாருடைய வண்டி வேகம் என்ற வீம்பு ஞாயிற்றுக்கிழமைகளில் வயல்வெளிப் பந்தயமாக மாறியது. ஸ்டாக் கார் என்பதற்கு அர்த்தமே கடையில் வாங்கிய அதே கார் என்பதுதான். நாஸ்கார் முழுக்க இவர்களால் மட்டும் உருவானது என்று சொன்னால் மிகை, ஆனால் ஆரம்பகால ஓட்டுநர்களிலும் மெக்கானிக்குகளிலும் பலர் இந்தத் தொழிலிலிருந்து வந்தவர்கள்.

இந்தக் கதையின் நடுநாயகம் ஜூனியர் ஜான்சன். 1931-ல் அதே வில்க்ஸ் கவுன்ட்டியில் பிறந்தவர். வயலில் கோவேறு கழுதையைப் பூட்டி உழுதுகொண்டிருந்தபோது அண்ணன் வந்து, நார்த் வில்க்ஸ்பரோவில் ஒரு பந்தயத்துக்கு ஆள் குறைகிறது வா என்று கூப்பிட, போய் ஓட்டி இரண்டாவதாக வந்ததாக அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். சாராய வண்டியோடு சாலையில் அவரை ஒருபோதும் பிடிக்க முடியவில்லை. ஐம்பதுகளின் நடுவில், அப்பாவின் சாராய அடுப்புக்கு அருகில் இருந்தபோதுதான் பிடித்தார்கள், 11 மாதம் சிறை. வெளியே வந்து ஓட்டுநராக 50 பந்தயங்கள் ஜெயித்தார். 1960-ல் நாஸ்காரின் பெரிய பந்தயமான டேடோனா 500-ல், முன்னால் போகும் காருக்கு மிக அருகில் ஒட்டிக்கொண்டு போனால் காற்றின் தடை குறைந்து தன் மெதுவான காரும் கூடவே வருகிறது என்று கண்டுகொண்டு, அதை வைத்தே அந்தப் பந்தயத்தை ஜெயித்தார். அப்புறம் அணி உரிமையாளராக ஆறு சாம்பியன் பட்டம். அந்தச் சாராய வழக்குக்காக 1986-ல் ஜனாதிபதி ரீகன் அவருக்கு மன்னிப்பு வழங்கினார். சிகரெட் விளம்பரத்தை டிவியில் தடை செய்த சமயம், ரெனால்ட்ஸ் புகையிலைக் கம்பெனியிடம் தன் ஒரு காருக்கு உதவி கேட்கப் போய், அவர்களிடம் இருக்கும் பணத்தைப் பார்த்துவிட்டு நேராக நாஸ்காரிடமே பேசச் சொன்னவரும் இவர்தான். 1971 முதல் முப்பது வருஷத்துக்கு மேல் அந்தத் தொடருக்கு வின்ஸ்டன் கோப்பை என்று பெயர் இருந்ததற்குப் பின்னால் அந்தச் சந்திப்பு இருக்கிறது.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். கொண்டாடலாமா என்றால், காய்ச்சியதைக் கொண்டாட முடியாது. பழைய கார் ரேடியேட்டர்களை ஆவி குளிரவைக்கப் பயன்படுத்தி, அதிலிருந்த ஈயம் சாராயத்தில் கலந்து குடித்தவர்கள் விஷமேறி நோயாளியானதும் அந்த வரலாற்றின் பகுதிதான். சிறைக்குப் போன அப்பாக்கள், காத்திருந்த பிள்ளைகள் என்று ஜூனியரின் சொந்த வீடே அதற்குச் சாட்சி. நான் மதிப்பது அந்தக் கைகளுக்குத் தெரிந்த வேலையை. ஏழை மலைக்காரர்கள் பட்டறையில் தாங்களாகவே கற்றுக்கொண்ட இன்ஜின் அறிவு. அது சட்டத்துக்கு உட்பட்ட ஒரு மைதானத்தில் வந்து மரியாதை பெற்றது, அதற்கு நார்த் வில்க்ஸ்பரோ மாதிரியான இடங்கள் உதவின.

இவ்வளவு பேரும் புகழும் இருந்தும் 1996-ல் ஏன் மூடினார்கள்? கூட்டம் வரவில்லையா? (மதுரை வாசகர்)

கூட்டம் வந்தது. கடைசிப் பந்தயத்துக்கும் கேலரி நிரம்பி வழிந்தது. இதுதான் என்னை இன்றைக்கும் வருத்தப்பட வைக்கும் பகுதி.

நாஸ்காரின் உயர்மட்டத் தொடரில் இந்தப் பாதைக்கு வசந்தத்தில் ஒன்று, இலையுதிர் காலத்தில் ஒன்று என்று வருஷத்துக்கு இரண்டு பந்தயம். ஈனாக் ஸ்டேலி தன் காலம் முழுக்க இடத்தை எளிமையாகவே வைத்திருந்தார். டிக்கெட் விலையை ஏற்றக் கூடாது, உள்ளூர்க்காரன் குடும்பத்தோடு வர வேண்டும் என்பதுதான் அவருடைய கணக்கு. பில் பிரான்ஸோடு இருந்த பழைய நட்பினால் அந்த இரண்டு தேதிகளும் பத்திரமாக இருந்தன. ஆனால் தொண்ணூறுகளில் நாஸ்கார் நாடு தழுவிய டிவி விளையாட்டாக வளர்ந்துவிட்டது. பெரிய நகரங்கள் பந்தயம் கேட்டன. தொடரின் அட்டவணையில் இடம் இருப்பதோ குறைவு.

1995-ல் ஸ்டேலி இறந்தார். பாதி உரிமை வைத்திருந்த கோம்ஸ் குடும்பம் தங்கள் பங்கை புரூட்டன் ஸ்மித்துக்கு விற்றது. ஸ்டேலி குடும்பத்தின் பாதியை பாப் பாஹ்ரே வாங்கினார். ஸ்மித் அப்போது டெக்சாஸில் பிரம்மாண்டமான ஒரு பாதையைக் கட்டிக்கொண்டிருந்தார், பாஹ்ரேவுக்கு நியூ ஹாம்ப்ஷயரில் ஒன்று இருந்தது. ஆளுக்கொரு தேதி. ஸ்மித் ஒன்றை டெக்சாஸுக்கும், பாஹ்ரே இன்னொன்றை நியூ ஹாம்ப்ஷயருக்கும் கொண்டுபோய்விட்டார்கள். அவர்கள் விலை கொடுத்தது வில்க்ஸ் கவுன்ட்டி மண்ணுக்கு இல்லை, காலண்டரில் இருந்த இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளுக்கு. 1996 செப்டம்பர் 29-ம் தேதி ஜெஃப் கார்டன் ஜெயித்ததோடு உயர்மட்டத் தொடரில் 93 பந்தயங்கள் நடந்த இடத்துக்குப் பூட்டு விழுந்தது.

சட்டப்படி தப்பு ஒன்றுமில்லை, சொந்தப் பணம் போட்டு வாங்கினார்கள். ஆனால் அரை நூற்றாண்டு அந்த ஊர் மக்கள் டிக்கெட் வாங்கி வாங்கி மதிப்பேற்றிய ஒன்றை, அந்த ஊருக்குப் பேச ஒரு வாய்ப்புகூடக் கொடுக்காமல் எடுத்துப் போனது அநியாயம் என்றுதான் நான் நினைக்கிறேன்.

மூடிய பிறகு என்ன ஆயிற்று? திரும்ப எப்படித் திறந்தார்கள்? (தஞ்சாவூர் வாசகர்)

நெடுஞ்சாலை 421-ல் போகிறவர்கள் பெயர் உதிர்ந்த கேலரியைப் பார்த்துக்கொண்டே போனார்கள். பத்து வருஷத்துக்கு மேல் யாருக்கும் உதவாமல் கிடந்தது. 2010-ல் சிலர் முயற்சி எடுத்துச் சின்னப் பந்தயங்கள் நடத்தினார்கள், 2011-க்குள் அதுவும் நின்றுபோனது. தார் வெடிப்புகளில் செடி முளைத்து, வேலியில் கொடி ஏறி, கூரைகள் இற்று விழ ஆரம்பித்தன.

2019 டிசம்பரில் பிரபல நாஸ்கார் ஓட்டுநர் டேல் எர்ன்ஹார்ட் ஜூனியர் ஒரு கூட்டத்தைச் சேர்த்துக்கொண்டு போய்ப் பாதையைச் சுத்தம் செய்தார். திறப்பதற்காக இல்லை. அந்தப் பாதை முற்றிலும் அழிந்துபோவதற்கு முன் லேசர் கருவியால் அங்குலம் அங்குலமாக அளந்து, ஐரேசிங் என்ற கணினிப் பந்தய விளையாட்டுக்குள் காப்பாற்றி வைத்துவிடலாம் என்று. இறந்துபோகப் போகிறவரை ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்வது போலத்தான். ஜூனியர் ஜான்சனும் அதே மாதம் காலமானார்.

அடுத்த சில மாதங்களில் கொரோனா வந்து எல்லாப் பந்தயங்களும் நின்றன. நாஸ்கார் ஓட்டுநர்கள் வீட்டில் உட்கார்ந்து கணினியில் ஓட்ட, டிவி அதை நேரலையாகக் காட்டியது. 2020 மே மாதம் அப்படி ஒரு பந்தயம் கணினியில் உருவான நார்த் வில்க்ஸ்பரோவில் நடந்தது, டென்னி ஹாம்லின் ஜெயித்தார். இருபத்துநாலு வருஷம் கழித்து அந்தச் சரிவை ஊரே திரும்பப் பார்த்தது. நிஜமாகவே திறந்தால் என்ன என்ற பேச்சு அதற்குப் பிறகு அடங்கவே இல்லை. 2021-ல் மாநில அரசு, மத்திய அரசு கொடுத்த கொரோனா நிவாரண நிதியிலிருந்து 1.8 கோடி டாலரை இந்த இடத்துக்கு ஒதுக்கியது. உரிமை அப்போது முழுவதும் புரூட்டன் ஸ்மித்தின் நிறுவனத்திடம் இருந்தது, அதை நடத்தியவர் மகன் மார்கஸ் ஸ்மித். அப்பா தேதியை எடுத்துப் போன இடத்தை மகன் திறந்தார். 2022 ஆகஸ்டில் உள்ளூர்த் தொடர்களின் பந்தயங்கள் நடந்தன, எர்ன்ஹார்ட் ஜூனியரே ஒன்றில் ஓட்டி மூன்றாவதாக வந்தார்.

நோய்த்தொற்று நிவாரணப் பணத்தைக் கார் பந்தயத்துக்குக் கொடுப்பது சரியா? (அதே தஞ்சாவூர் வாசகர்)

குடிநீர்க் குழாய், சாக்கடை வசதி போன்ற அடிப்படை வேலைகளும் அந்தப் பணத்தில் அடக்கம். தொழிற்சாலைகள் பல போய்விட்ட கவுன்ட்டி அது, பந்தயம் நடக்கும் வாரம் ஹோட்டலும் பெட்ரோல் பங்கும் நிரம்பும். எனக்குச் சரியாகவே படுகிறது. ஆனால் ஒரு தனியார் நிறுவனத்துக்குப் பொதுப்பணம் கொடுக்கும்போது, இத்தனை வருஷத்துக்குப் பந்தயத்தை இங்கிருந்து மாற்ற மாட்டோம் என்று எழுதி வாங்கிக்கொள்வதுதான் முறை. 1996-ஐப் பார்த்த ஊருக்கு அந்தக் காகிதம் முக்கியம்.

புதுப்பித்த பிறகு பழைய குணம் இருக்கிறதா? (நாகர்கோவில் வாசகர்)

பெரும்பாலும் இருக்கிறது. பழைய சிவப்பு வெள்ளை வண்ணத்தையும், வெளிறிப்போன வின்ஸ்டன் கோப்பை எழுத்துகளையும் அழிக்காமல் வைத்தது நல்ல முடிவு. 2023 மே மாதம் நாஸ்காரின் ஆல் ஸ்டார் பந்தயம் (சாம்பியன் பட்டப் புள்ளிக் கணக்கில் சேராதது) இங்கே நடந்து கைல் லார்சன் ஜெயித்தார். அதுதான் பழைய தாரில் நடந்த கடைசிப் பெரிய பந்தயம். அடுத்த வருஷம் புதுத் தார், 200 சுற்றில் 199-ஐ முன்னணியில் ஓட்டி ஜோயி லோகானோ ஜெயித்துவிட்டார். நான் பயந்தது நடந்தது: புதுத் தாரில் டயர் பிடிப்பு விடவே இல்லை, முன்னால் போனவரைத் தாண்ட வழியில்லை. 2025-ல் கொஞ்சம் தேறியது, கிறிஸ்டபர் பெல் கடைசிச் சுற்றுகளில் லோகானோவைத் தாண்டினார். வெயிலும் பனியும் தன் வேலையைச் செய்ய அந்தத் தாருக்கு இன்னும் சில வருஷங்கள் வேண்டும். 2026-ம் வருஷ அட்டவணையில் புள்ளிகளுக்கான பந்தயத்தையே இங்கே சேர்த்து அறிவித்தார்கள் என்பது எனக்குப் பெரிய நிம்மதி.

இன்னொன்று. 2024-ல் பழைய கேலரியின் கான்கிரீட்டில் வெடிப்பு விட்டிருந்ததைப் பார்த்து உடைத்தபோது, அடியில் சுமார் 700 சதுர அடிக்கு ஒரு குகை இருந்தது. சாராய அடுப்பு அங்கேதான் இருந்ததா என்று ஊர் முழுக்கப் பேச்சு. அடுப்போ பானையோ கிடைக்கவில்லை, ஆனால் வில்க்ஸ் கவுன்ட்டியில் அப்படிப் பேசாமல் வேறு எப்படிப் பேசுவார்கள்.

பழைய பந்தயம் ஒன்றே ஒன்று பார்ப்பதென்றால் எதைப் பார்க்கச் சொல்வீர்கள்? (சேலம் வாசகர்)

ரிச்சர்ட் பெட்டி இங்கே 15 முறை ஜெயித்திருக்கிறார், அதில் ஒன்றைச் சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். 1989-ல் கடைசிச் சுற்றில் ரிக்கி ரட்டும் டேல் எர்ன்ஹார்ட் சீனியரும் மோதிக்கொண்டு, பின்னால் வந்த ஜெஃப் போடைன் ஜெயித்ததும் பார்க்க வேண்டியதுதான். எர்ன்ஹார்ட் அந்த வருஷச் சாம்பியன் பட்டத்தை வெறும் 12 புள்ளியில் இழந்தார், அந்த மோதல் இல்லாவிட்டால் கணக்கே வேறு.

ஆனால் ஒன்றே ஒன்று என்றால் 1991 செப்டம்பர் 29. ஹாரி கான்ட் பக்கத்து கவுன்ட்டிக்காரர், அப்போது வயது 51. அந்த மாதம் டார்லிங்டன், ரிச்மண்ட், டோவர், மார்ட்டின்ஸ்வில் என்று தொடர்ந்து நாலு பந்தயம் ஜெயித்துவிட்டு, ஐந்தாவதை ஜெயிக்கத் தன் ஊருக்குப் பக்கத்திலேயே வந்து நிற்கிறார். 400 சுற்றில் 350 சுற்று அவர்தான் முதலிடம். அப்புறம் பிரேக்கில் ஒரு ஓ-ரிங், பத்து சென்ட் பெறும் ரப்பர் வளையம், விட்டுவிட்டது. வேறு எந்தப் பாதையாக இருந்தாலும் சமாளித்திருப்பாரோ என்னவோ, இங்கே முதல் வளைவுக்கு இறக்கத்தில் அல்லவா போக வேண்டும்? பிரேக் இல்லாமல் ஒவ்வொரு சுற்றும் முன்கூட்டியே ஆக்ஸிலேட்டரை விட்டு, காரை வளைவில் மிதக்கவிட்டு, எர்ன்ஹார்டைத் தடுத்துக்கொண்டே வருகிறார். பத்துச் சுற்றுக்கும் குறைவாக இருக்கும்போது எர்ன்ஹார்ட் தாண்டிவிடுகிறார். கான்ட் இரண்டாவதாக வந்து முடிக்கிறார். அந்தக் கடைசிச் சுற்றுகளில் கீழ்முனை வளைவை மட்டும் கவனித்துப் பாருங்கள்.